பாடு இல்லாத அலைக்கற்றை: பழவேற்காட்டு வீடுகளில் வைஃபையும் புளூடூத்தும்

பழவேற்காட்டுக் குப்பங்களில் நெட் மெதுவானால் எல்லார் வாயிலும் வரும் பதில் ஒன்றுதான்: “டவர் எடுக்கல.” பெரும்பாலும் அது சரியான பதிலும்கூட. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், ஒரு பக்கம் வங்கக் கடலும் மறுபக்கம் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியுமாக ஒடுங்கிக் கிடக்கும் ஊர்கள் இவை. ஏரிக்கு நடுவே கோபுரம் நிற்காது. கரையில் நிற்பவைதான் எல்லாப் பக்கத்துக்கும் படியளக்க வேண்டும். ஆனால் இந்தப் பதில் பழகிப்போனதாலேயே, வீட்டுக்குள் இருக்கும் இன்னொரு காரணம் யார் கண்ணிலும் படுவதில்லை. லேப்டாப்பின் வைஃபையை, அதே லேப்டாப்போடு இணைத்த புளூடூத் இயர்போன் அமுக்கிவிடும். கோபுரத்தைத் திட்டுகிற வீடுகளில் பலவற்றில் சிக்கல் மூன்றடி தூரத்துக்குள் இருக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

இங்கே லேப்டாப் புதிய பொருள் அல்ல. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான். பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. குப்பத்துப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பும் தேர்வும் வேலை நேர்காணலும் வீட்டிலிருந்தே முடிக்கிற காலம் இது. ஃபைபர் இணைப்பு எடுத்த வீடு குறைவு. அம்மாவின் போனிலோ அண்ணனின் போனிலோ ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைப்பதுதான் வழக்கம். அப்படியானால் நெட் இரண்டு பயணம் போக வேண்டும். கோபுரத்திலிருந்து போன் வரை ஒன்று, போனிலிருந்து லேப்டாப் வரை இன்னொன்று. முதல் பயணம் கிலோமீட்டர் கணக்கு, இரண்டாவது அடிக்கணக்கு. புளூடூத் கெடுப்பது இந்த இரண்டாவதை. இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை கோபுரத்தின் மேல் போடும் பழி தீரப்போவதில்லை.

வைஃபையும் புளூடூத்தும் மோதுவதற்குக் காரணம், இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற ஒரே குறுகிய பட்டையில் வாழ்வது. 2400 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 2483.5-இல் முடிகிற பட்டை அது. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் இதற்குள்தான். இந்தியாவில் இந்தப் பட்டையைக் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் இல்லாமல் திறந்துவிட்ட விதிகள் 2005 ஜனவரியில் வந்தன. உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் அதே விதிகளில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும், குறுக்கீடு வந்தால் பாதுகாப்புக் கோர முடியாது. பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் உங்கள் வைஃபையைக் கெடுத்தால் எந்த அலுவலகத்திலும் மனுக் கொடுக்க வழியில்லை.

ஒரே பட்டையில் இருந்தாலும் இரண்டின் நடத்தை வேறு. வைஃபை சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சேனலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். புளூடூத் அப்படியில்லை. 1994-இல் எரிக்சன் நிறுவனத்தில் யாப் ஹார்ட்சன் இதை வடிவமைக்கத் தொடங்கியபோது பட்டையை ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 துண்டுகளாகப் பிரித்து, நொடிக்கு 1600 முறை துண்டு விட்டுத் துண்டு தாவும்படி செய்தார். தாவும் கருத்து அதற்கும் மிக முந்தியது. நடிகை ஹெடி லாமரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும், எதிரி குறுக்கிட முடியாதபடி டார்ப்பிடோவை வானொலியால் ஓட்டும் ஒரு முறைக்கு 1942-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். அந்த முறையும் தாவல்தான். தாவுகிற கருவிக்கு நின்று கேட்கும் பழக்கம் கிடையாது. முறை வந்ததும் பேசிவிடும். அந்த நேரத்தில் வைஃபை பேசிக்கொண்டிருந்தால் இரண்டு பேச்சும் பாழ்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வெளியிலிருந்து உவமை தேட வேண்டியதில்லை. ஏரியில் இறால் நிறைய விழும் இடங்கள் சில மட்டுமே. எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் தேறாது. அதற்காகவே கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறைகளாகப் பாடு முறை இருந்துவருகிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை ஊர் கூடி முறைவைத்துத் தீர்மானிப்பார்கள். ஆய்வாளர் செபாஸ்டியன் மேத்யூ இந்த முறையை ஆராய்ந்து எழுதியதை ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 1991-இல் வெளியிட்டது. கடற்கரைச் சமூகங்கள் தங்கள் நீர்நிலையைத் தாங்களே நிர்வகிப்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் ஏற்பாடுகளில் இது ஒன்று. பாடு முறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஊர்களோடும் சமூகங்களோடும் பூசல் இருந்ததையும் மறைக்கக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இல்லாமல்போனது இப்படிப்பட்ட ஒரு முறைதான். பொறியாளர்கள் அதைப் பின்னால் கொண்டுவந்து ஒட்டவைக்க வேண்டியிருந்தது, அதுவும் அரைகுறையாகவே முடிந்தது.

புளூடூத் கூட்டமைப்பு உருவானது 1998. வைஃபையின் பரவலான முதல் தரம் வந்தது 1999. இரண்டும் ஒரே மேசைக்கு வந்ததும் மோதல் தொடங்கிவிட்டது. 2003-இல் இரண்டு தீர்வுகள் வந்தன. ஒன்று, புளூடூத்தின் 1.2 பதிப்பு. எந்தத் துண்டுகளில் இரைச்சல் என்று கவனித்து, அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றில் மட்டும் தாவும் திறன் இதில் சேர்ந்தது. வைஃபை ஒரு சேனலில் நிற்கிறதென்றால் புளூடூத் அந்த 20 சொச்சம் துண்டுகளை ஒதுக்கிவிட்டு மற்ற இடத்தில் ஓடிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எல்லை உண்டு. புளூடூத்துக்குக் குறைந்தது 20 துண்டுகளாவது வேண்டும். ஒன்றோடொன்று உரசாத வைஃபை சேனல்கள் 1, 6, 11. அந்த மூன்றிலும் யாராவது இருந்தால் மூன்று 22 சேர்ந்து 66 போய்விடும், மிச்சம் 13. ஒதுங்க இடமில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய குப்பத்துத் தெருவில், வீட்டுக்கு ஒரு ஹாட்ஸ்பாட் ஓடும் மாலை நேரத்தில் இது எளிதாக நடக்கும்.

ஒரே லேப்டாப்புக்குள் நிலைமை இன்னும் மோசம். இன்றைய லேப்டாப்களில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே அட்டையில், ஒரே சிப்பில் இருக்கின்றன. மலிவான மாடல்களில் ஆன்டெனாவையே பகிர்ந்துகொள்கின்றன. சாதாரண புளூடூத் கருவி அனுப்பும் சக்தி சுமார் இரண்டரை மில்லிவாட். சுமாரான தூரத்திலுள்ள ஹாட்ஸ்பாட்டிலிருந்து லேப்டாப்புக்கு வந்துசேரும் வைஃபை சிக்னலோ அதில் இரண்டரைக் கோடியில் ஒரு பங்குதான். அத்தனை மெல்லிய குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் காதின் பக்கத்திலேயே புளூடூத் பேசினால், அது எந்தத் துண்டில் பேசுகிறது என்பதெல்லாம் பொருட்டே இல்லை. காது அடைத்துப்போகும்.

அதற்கு வந்ததுதான் 2003-இன் இரண்டாவது தீர்வு. ஐஇஇஇ அமைப்பின் 802.15.2 என்ற பரிந்துரை, ஒரே கருவிக்குள் இருக்கும் இரண்டு ரேடியோக்களும் முறைவைத்துப் பேசும் வழிகளை வகுத்தது. இன்றைய சிப்கள் செய்வது இதன் வழிவந்த வேலைதான்: இந்த நொடித்துகள் புளூடூத்துக்கு, அடுத்தது வைஃபைக்கு. சிப்புக்குள் நடக்கும் பாடு இது. வைஃபை மெதுவாவதற்கான காரணமும் இதற்குள்தான் இருக்கிறது. நேரத்தைப் பங்குபோட்டால் இருவருக்கும் குறையத்தானே செய்யும். எவ்வளவு குறையும் என்பது புளூடூத் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. மவுஸ் இணைத்திருந்தால் குறைவதே தெரியாது. பாட்டுக் கேட்டால் கொஞ்சம் குறையும். இயர்போனின் மைக்கில் பேசத் தொடங்கினால்தான் வைஃபை படுத்துவிடும்.

ஏன் மைக்? இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். பாட்டு ஒருவழி, முன்கூட்டியே கொஞ்சம் வாங்கிச் சேமித்துவைத்துக்கொள்ளலாம். உரையாடலுக்கு அது முடியாது. குரல் தாமதமாகக் கூடாது என்பதால், மைக் இயங்கும்போது புளூடூத் தனக்கென்று மாற்ற முடியாத நேர ஒதுக்கீடு கேட்கும். அதன் அடிப்படை நேர அலகு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 625 பங்கு. பழைய குரல் முறையொன்றில், ஆறு அலகுக்கு இரண்டை எடுத்துக்கொண்டு நான்கை விட்டுவைக்கும். வைஃபைக்குக் கிடைக்கும் இடைவெளி 2.5 மில்லிநொடி. நல்ல வேகத்தில், அதாவது 54 மெகாபிட்டில், 1500 பைட் பொட்டலம் ஒன்று கால் மில்லிநொடிக்குள் போய்விடும். ஆனால் மோதலால் சில பொட்டலங்கள் தொலையும்போது, வைஃபை அதைச் சிக்னல் குறைவு என்று எண்ணிக்கொண்டு வேகத்தைத் தானாகவே இறக்கும். 6 மெகாபிட்டுக்கு இறங்கினால் அதே பொட்டலத்துக்கு 2 மில்லிநொடி வேண்டும். இடைவெளிக்குள் அடங்குவதே சிரமம். 1 மெகாபிட்டுக்கு இறங்கினால் 12 மில்லிநொடி, அடங்கவே அடங்காது. மெதுவாகப் பேசுவதால் காற்றில் அதிக நேரம் கிடக்கிறது, அதனாலேயே மீண்டும் மோதுகிறது, மோதியதால் இன்னும் மெதுவாகிறது. வேகம் படிப்படியாகக் குறையாமல் சட்டென்று பாதாளத்தில் விழுவது இதனால்தான். இப்போதைய சிப்கள் இந்தச் சுழலைத் தவிர்க்க நிறையவே முயல்கின்றன. பழைய லேப்டாப்களில் அந்த வசதி குறைவு. நம் ஊர்களில் புழங்குபவையோ பெரும்பாலும் பழையவை.

கோட்டைக்குப்பத்தில் ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்தேன். அம்மாவின் போன் ஜன்னல் கம்பியில் செருகியிருந்தது, அங்கேதான் சிக்னல் இரண்டு கோடு காட்டும். உப்புக்காற்றுக்குப் பயந்து ஒரு பாலித்தீன் உறை. மகள் உள்ளறையில் லேப்டாப் முன்னால், காதில் புளூடூத் பட்ஸ். வகுப்பு தொடங்கி அவள் ‘பிரசன்ட் மேம்’ என்று வாயைத் திறந்ததும் திரையில் முகங்கள் உறைந்து, வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அப்பா வலையைப் பிரித்துக்கொண்டே, “வேற சிம் போடும்மா, இந்த டவரு சரியில்ல” என்றார். அவள் யோசித்துவிட்டுச் சொன்னதுதான் முக்கியம்: “பட்ஸ்ல சார்ஜ் தீந்துபோற அன்னிக்கு மட்டும் கிளாஸ் நல்லா வருதுண்ணா.” இதைவிடத் துல்லியமாக ஒரு பொறியாளர்கூடச் சொல்ல முடியாது. கோபுரம் மாறவில்லை, சிம் மாறவில்லை, இடம் மாறவில்லை. புளூடூத் ஒன்றுதான் நின்றது. குற்றவாளி அகப்பட்டுவிட்டது. பட்ஸை அணைத்து லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரில் கேட்கச் சொன்னேன். வகுப்பு முடியும்வரை வட்டம் திரும்பி வரவில்லை.

சோதிக்கும் முறை அந்தப் பெண் சொன்னதில் முழுமையாக அடங்கியிருக்கிறது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. அதற்கு முன் ஒரு படி உண்டு. ஹாட்ஸ்பாட் தரும் போனிலேயே வேகத்தை அளந்துவிட்டு, உடனே லேப்டாப்பில் அளக்க வேண்டும். போனிலும் வேகம் இல்லையென்றால் பழி கோபுரத்துக்கே. புளூடூத்தை நோண்டிப் பயனில்லை. போனில் நன்றாக இருந்து லேப்டாப்பில் மட்டும் விழுந்தால், லேப்டாப்பின் புளூடூத்தை முழுதாக அணைத்து மறுபடி அளக்க வேண்டும். இயர்போனைக் காதிலிருந்து கழற்றினால் மட்டும் போதாது, அணைக்க வேண்டும். போனோடு கைக்கடிகாரம் ஏதாவது புளூடூத்தில் இணைந்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் போனின் சிப்பும் அதே கூட்டுக்குடித்தனம்தான். விண்டோஸில் வைஃபை இணைப்பின் விவரப் பக்கத்தைத் திறந்தால் எந்தப் பட்டை, எந்தச் சேனல் என்று காட்டும். 2.4 என்று இருந்தால் சந்தேகம் உறுதிப்படுகிறது. 5 என்று இருந்தால் புளூடூத்தை ஓரளவு விடுவித்துவிடலாம்.

புளூடூத்தைப் போலவே நடித்து ஏமாற்றும் காரணங்களும் இருக்கின்றன. அவற்றில் பெரியது யூஎஸ்பி 3. வேகமான வெளி ஹார்ட் டிஸ்கும் பென் டிரைவும் தரவை அனுப்பும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கொட்டும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆவணம் வெளியிட்டது. லேப்டாப்பின் நீல நிறத் துளையில் டிஸ்க் செருகியதும் வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்தே தடுமாறினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். டிஸ்கை ஒரு சிறு நீட்டிப்புக் கேபிளில் தள்ளிவைத்தாலே பெரும்பாலும் தீரும்.

இன்னொன்று 4ஜியால் வருவது. 2010 ஏலத்தில் விற்கப்பட்ட 2300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் இங்கே 4ஜி சேவையின் ஒரு பகுதி ஓடுகிறது. அந்தப் பட்டை 2400-இல் முடிகிறது. வைஃபை 2400-இல் தொடங்குகிறது. இடையில் வரப்புகூட இல்லை. ஹாட்ஸ்பாட் போட்ட போன் ஒரே நேரத்தில் இரண்டிலும் பேச வேண்டும். போனுக்குள் இருக்கும் வடிகட்டி மட்டமானதாக இருந்தால் அந்தப் பேச்சுகள் ஒன்றையொன்று மிதிக்கும். புளூடூத் அணைத்தும் வேகம் திரும்பாத சில வீடுகளுக்கு இது விடையாக இருக்கலாம்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் தளத்து ரேடார்தான் நெட்டைக் கெடுக்கிறதோ என்ற ஐயம் இங்கே யாருக்கும் எழக்கூடியதே. அங்குள்ள டாப்ளர் வானிலை ரேடார் எஸ் பேண்ட் வகை. அந்த வகை ரேடார்களுக்கு ஒதுக்கிய இடம் 2.7 முதல் 2.9 கிகாஹெர்ட்ஸ், வைஃபை பட்டைக்கு வெளியே. வட்டம் சுற்றுவதற்கு அதைக் குற்றம் சொல்ல முகாந்திரமில்லை.

இனித் தீர்வுகள். என் கணிப்பில் முதலிடம் கேபிளுக்கே. போனையும் லேப்டாப்பையும் சார்ஜர் கேபிளால் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் இரண்டாவது பயணம் காற்றிலேயே நடக்காது. வைஃபையும் வேண்டாம், மோதலும் இல்லை. புளூடூத் தன் போக்கில் ஓடட்டும். போனும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: சில மலிவான கேபிள்களில் சார்ஜ் மட்டும் ஏறும், தரவு போகாது. டெதரிங் பொத்தான் மங்கலாகவே கிடந்தால் போனைச் சந்தேகிக்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். போன் ஜன்னலில் இருந்தே ஆக வேண்டிய வீட்டில், லேப்டாப்பை ஜன்னலுக்குக் கொண்டுபோவதுதான் வழி.

கேபிள் முடியாதென்றால் மைக்கை மாற்றலாம். கூட்டத்துக்கான செயலியின் ஒலி அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் உள்மைக்கையே தேர்ந்தெடுத்து, கேட்பதற்கு மட்டும் புளூடூத்தை வைத்துக்கொண்டால் அந்தக் கறாரான நேர ஒதுக்கீடு விலகிவிடும். ஒலி மெலிந்து தட்டையாக இருந்தது சட்டென்று நிறைந்து கேட்டால் மாற்றம் பலித்தது என்று அர்த்தம். இதைச் செய்யலாம் என்பதே பலருக்குத் தெரியாது, காசு செலவில்லாத வழி என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வயர் இயர்போன் இருந்தால் இந்தப் பேச்சே தேவையில்லை.

மூன்றாவது, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது. இந்தப் பட்டையும் இந்தியாவில் உரிமமின்றித் திறந்தே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் ஹாட்ஸ்பாட் அமைப்பிலேயே பட்டையைத் தேர்ந்தெடுக்கலாம். ஐபோனில் ‘மேக்சிமைஸ் கம்பேட்டபிலிட்டி’ என்ற பொத்தான் இயங்கிக்கொண்டிருந்தால் ஹாட்ஸ்பாட் 2.4-க்கு இறங்கிவிடும், அதை அணைக்க வேண்டும். 5-இல் புளூடூத் தொந்தரவு அநேகமாக ஒழியும். ஆனால் அந்த அலை சுவரை ஊடுருவுவதில் பலவீனமானது. ஓலைக்கூரையும் கீற்றுத் தடுப்பும் அதற்குத் தடையே இல்லை. சுனாமிக்குப் பிறகு எழுந்த கான்கிரீட் வீடுகளில், ஜன்னல் போனிலிருந்து உள்ளறைக்கு வருவதற்குள் தேய்ந்துவிடும். ஒரே அறையில் இருந்தால் 5, இடையில் சுவர் இருந்தால் கேபிள் என்று வைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் ஓர் அறிவுரை உண்டு: இன்டெல் வைஃபை டிரைவரின் அமைப்பில் புளூடூத்தோடு முறைவைக்கும் வசதியை அணைத்துவிடு என்பது. இதை நான் ஏற்கவில்லை. முறையை நீக்கினால் வைஃபை முந்திக்கொள்ளும், புளூடூத் ஒலி துண்டு துண்டாகும். அதற்குப் புளூடூத்தையே அணைத்துவிட்டுப் போகலாமே. ஏதெராஸ் நிறுவனத்தின் பழைய வைஃபை அட்டைகளில் கதை நேர்மாறு. அவற்றின் லினக்ஸ் டிரைவரில் அந்த வசதி இயல்பாக அணைந்தே கிடக்கும். இயக்கிவிட்டால் இரண்டுக்கும் சமாதானம் வரும். தமிழக அரசின் மடிக்கணினிகள் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்தே வந்தவை. ஒரே லேப்டாப்பில் ஒன்றில் மெதுவாகவும் மற்றதில் வேகமாகவும் இருந்தால் டிரைவர் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை போல ரூட்டர் வைத்திருக்கும் இடங்களில் பொறுப்பு கூடுதல். ரூட்டரின் 2.4 பட்டையை 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடவிட்டால் மொத்தப் பட்டையில் பாதியை அதுவே விழுங்கிவிடும், புளூடூத் ஒதுங்க இடம் சுருங்கும். 20-க்கு இறக்கி, 1, 6, 11-இல் எது காலியோ அதில் நிறுத்த வேண்டும். 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் வருகிறவர்கள் எதில் இருக்கிறோம் என்று தெரிந்து இணைவார்கள்.

6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியை உரிமமின்றித் திறப்பதற்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. புதுக் கருவி வாங்குவோருக்கு அது நல்ல சேதி. 2.4 மட்டுமே தெரிந்த பழைய லேப்டாப்புக்கு அதனால் ஒன்றும் மாறாது. அதற்குப் பொருத்தமானது 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும் ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர். வாங்கும்போது பெட்டியில் ‘டூயல் பேண்ட்’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேகம் மட்டும் பெரிதாக அச்சடித்து 2.4-இல் மட்டும் ஓடுகிறவை கடைகளில் நிறைய உண்டு. அடாப்டரைச் செருகியபின் லேப்டாப்பின் உள் வைஃபையை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கும்.